மாடல் ரயில் கேள்வி – பதில்: மலிவு விலை சரக்கு வேகன்கள்

கேள்வி: எச்.ஓ. ஸ்கேலில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) 20 வேகன்கள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று சேர்க்க ஆசை. ஆனால் புதிதாக வருகிற வேகன் ஒவ்வொன்றும் எட்டாத விலையில் இருக்கிறது. குறைந்த விலையில் புது மாடல்கள் ஏன் வருவதில்லை?

பதில்: ஒரு வேகனுக்குப் பிடிக்கும் பிளாஸ்டிக் மிகக் கொஞ்சம். விலையை ஏற்றுபவை வேறு இரண்டு. முதலாவது, பிளாஸ்டிக்கை வார்க்க எஃகில் குடைந்து செய்யும் மோல்டு. அந்தச் செலவு முன்கூட்டியே முழுதாக விழுந்துவிடும். எத்தனை வேகன் விற்கிறதோ அத்தனைக்கும் பங்கு போகும். இரண்டாவது கைவேலை. கைப்பிடிக் கம்பி, ஏணி, பிரேக் குழாய் என்று தனித்தனியாக ஒட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் கூலி உண்டு. பத்தாயிரம் வேகன் செய்தாலும் அது குறையாது. எழுத்தும் சின்னமும் அச்சிடும்போது நிறத்துக்கு ஒருமுறை பேடு (மையை ஒற்றும் மெத்தை) இறங்க வேண்டும் என்பதால், நிறம் கூடினாலும் செலவு கூடும்.

ஆகவே மலிவு வேகன் கேட்பவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது தனிக் கம்பிகளைத்தான். பக்கச் சுவரோடு சேர்த்து வார்த்த கைப்பிடி மெல்லியதாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் போதும். லேசாக அழுக்கு வண்ணம் பூசி ஓடவிட்டால், ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சக்கரம், கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி), எடை மூன்றிலும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இவற்றில் மிச்சம் பிடித்த வேகன் தடம் புரண்டு, கடைசியில் அலமாரிக்குத்தான் போகும்.

ஒரே மாடலை ஆறு, பன்னிரண்டு வெவ்வேறு எண்களில் தரச் சொல்லியும் தயாரிப்பாளர்களிடம் கேளுங்கள். எண் மாறினால் அச்சுத் தகடு மட்டும்தான் மாறும், மோல்டு மாறாது. ஒரே எண் போட்ட 20 வேகன் வரிசையாகப் போனால் ரயில் போலவே இருக்காது.

கேள்வி: எந்த வகை வேகனைக் கேட்டால் மலிவாக வர வாய்ப்பு அதிகம்?

பதில்: நிஜத்தில் பல ரயில்வேக்கள் வாங்கி, பல வருடம் ஓட்டிய வகை. அமெரிக்காவில் புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947-இல் கொண்டுவந்த பி.எஸ்.-1 பெட்டி வேகன் இதற்கு நல்ல உதாரணம். 40 அடி உடல் ஒன்றை மோல்டு செய்தால் ஏராளமான ரயில்வேக்களின் நிறத்தில் விற்கலாம்.

அதே உடலைப் பிற்காலத்துக்கும் நீட்ட முடியும். 1966-க்குப் பிறகு அங்கே புதுப் பெட்டி வேகன்களுக்குக் கூரை நடைபலகை தேவையில்லை என்றாயிற்று. பழையவற்றிலும் படிப்படியாகப் பலகையைக் கழற்றி ஏணியைக் குட்டையாக்கினார்கள். ஆகவே நடைபலகையும் ஏணியும் மட்டும் தனித் துண்டாக இருந்தால் ஒரே மோல்டில் இரண்டு காலகட்டம் கிடைக்கும். நாலு ஏணி ஒட்டும் கூலி இங்கே வீண் போகாது.

மேல் திறந்த கொண்டோலா வேகனை மலிவாகச் செய்வது கடினம். உள்ளே எல்லாம் தெரிவதால் எடையை ஒளிக்க இடமில்லை. அடிச்சட்டத்தையே உலோகத்தில் வார்க்க வேண்டியிருக்கும். சரக்குக் குவியல் ஒன்றைக் கூடவே கொடுத்து, அதற்கடியில் எடை வைப்பதுதான் சிக்கனமான வழி.

கேள்வி: பழைய மலிவு வேகன்கள் கைவசம் நிறைய உள்ளன. பாய்ன்ட்ஸ் (தண்டவாளம் பிரியும் இடம்) தாண்டும்போதும், பின்னோக்கித் தள்ளும்போதும் தடம் புரள்கின்றன. சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை எச்.ஓ.வுக்கு 1 அவுன்ஸ், அதோடு உடல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நம் கணக்கில் 28 கிராம், கூடவே சென்டிமீட்டருக்கு 5.6 கிராம். 15 செ.மீ. வேகன் 112 கிராம் இருக்க வேண்டும். தராசில் 75 காட்டினால் 37 கிராம் சேருங்கள். இன்னும் சிறிய ‘என்’ ஸ்கேலில் 14 கிராமோடு சென்டிமீட்டருக்கு சுமார் 1.7 கிராம்.

எடையைத் தரையோடு ஒட்டி, இரண்டு போகிகளுக்கும் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள்) சமமாகப் பிரித்து வையுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்றவே கூடாது. பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரிக்க, வெள்ளைப் பொடி பூத்து ஊதிப்போய், சில வருடத்தில் பக்கச் சுவரையே பிளந்துவிடும். எபாக்சியால் ஒட்டலாம். ஈயம் தொட்ட கையைக் கழுவ மறக்காதீர்கள்.

அடுத்தது போகித் திருகு. ஒரு போகியின் திருகை இறுக்கி, தடையில்லாமல் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள்; அது பக்கவாட்டில் ஆடக் கூடாது. மற்றதை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, ஆடும்படி விடுங்கள். இரண்டும் இறுகினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். இரண்டும் தளர்ந்தால் வேகன் தள்ளாடும்.

பாய்ன்ட்ஸில் மட்டும் குதித்தால் சக்கர இடைவெளியைப் பாருங்கள். எச்.ஓ.வில் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஆக்ஸிலை (இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்ல முறுக்கி வெளியே இழுங்கள்.

தள்ளும்போது புரள்வதற்குக் காரணம், கப்ளர் போகியோடு சேர்ந்திருப்பது. தள்ளுகிற விசை போகியைக் கோணலாகத் திருப்பிவிடுகிறது. போகியிலிருந்து கப்ளரைத் தாங்கி நீளும் பகுதியை வெட்டிவிட்டு, கப்ளர் பெட்டியை வேகனின் தரையில் திருகால் பொருத்துங்கள். தண்டவாள மேல்மட்டத்திலிருந்து கப்ளரின் மையம் 9.9 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் போகிக்கு மேல் மெல்லிய வாஷர் ஒன்று போதும். உயர்ந்திருந்தால் போகி உட்காரும் முனையை அரத்தால் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாகப் போடலாம். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுக்கப் பரப்பும். வாங்கும்போது ஆக்ஸிலின் நீளம்தான் முக்கியம். எச்.ஓ.வில் சுமார் 25.8 மி.மீ. பரவலாகக் கிடைப்பது, இருந்தாலும் உங்கள் பழைய ஆக்ஸிலைக் காலிப்பரில் அளந்துவிடுங்கள். நீளம் கூடினால் போகிச் சட்டம் விரிந்து சக்கரம் சிக்கும், குறைந்தால் ஆக்ஸில் கழன்று விழும். 2 சதவீதச் சரிவில் வைத்துப் பாருங்கள்: தள்ளாமலே உருள வேண்டும். உருளாவிட்டால், ஆக்ஸில் முனை உட்காரும் குழியை அதற்கென்றே உள்ள கூம்புக் கருவியால் இரண்டு சுற்று சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும்.

விட்டத்தையும் கவனியுங்கள். 33 அங்குலச் சக்கரம் எச்.ஓ.வில் 9.6 மி.மீ., 36 அங்குலம் 10.5 மி.மீ. மாற்றிப் போட்டால் கப்ளர் உயரம் கிட்டத்தட்ட அரை மி.மீ. நகர்ந்துவிடும்.

கேள்வி: ஒரே எண்ணில் நாலு வேகன் மலிவாகக் கிடைத்தன. எண்ணை எப்படி மாற்றுவது?

பதில்: கடைசி ஒன்றிரண்டு இலக்கங்களை மாற்றினால் போதும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டு இலக்கத்தின் மேல் ஒரு நிமிடம் ஊறவிட்டு, மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். அடி வண்ணமும் கரையக் கூடும் என்பதால் முதலில் வேகனின் அடிப்பக்கத்தில் சோதித்துவிடுங்கள். அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகே டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) இலக்கத்தை ஒட்ட வேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மேலே மேட் வார்னிஷ் ஒரு கை.