கணக்கர் ஏன் குடை எடுத்து வரவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் பஸ் நிலையக் கடையில் மாத நாவல் வாங்கினால், வீட்டு வாசலை மிதிப்பதற்குள் முடித்துவிடுவேன். கொலை, துப்பறிதல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இப்போது அதே எழுத்தாளர்களின் புத்தகங்களை வாங்கி அடுக்குகிறேன். இருபதாம் பக்கத்தில் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது, மூடிவைத்துவிடுகிறேன். போன மாதம் மட்டும் ஐந்து புத்தகங்கள் இப்படிப் பாதியில் நிற்கின்றன. வயதாகிவிட்டதா? அந்த ஆசை இனி திரும்பாதா? (தென்காசி வாசகி)

பதில்: திரும்பும். எனக்குப் பதினாறு ஆண்டுகள் திரும்பாமல் இருந்துவிட்டுத் திரும்பியது. அதனால் இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்த வேலைக்குச் சேர்ந்தேன். மாத நாவல்கள்தான் அங்கே பிழைப்பு. 96 பக்கம் என்றால் பதினாறு பக்கமாக ஆறு பாரம். எல்லாம் கையால் எழுத்துக் கோத்த காலம். முழு நாவலையும் ஒரே மூச்சில் கோத்து வைக்க எங்களிடம் ஈய எழுத்து கிடையாது. முதல் பாரத்தை அச்சடித்து, எழுத்தையெல்லாம் பிரித்து அறைப்பெட்டிகளில் திரும்பப் போட்ட பிறகுதான் அடுத்த பாரம் கோக்க முடியும். ஆகவே கதை என் மேஜைக்குப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் வரும். நடுவில் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்.

கையெழுத்துப் பிரதியை, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் தாள் தாளாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் கையில் பிணம் கிடந்த அறை இருக்கும். அடுத்தவர் கையில் போலீஸ் விசாரணை. முழுக்கதை யாருக்கும் தெரியாது. பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும். "அந்த டிரைவர் பூட்டைத் தொடவே இல்லையம்மா, நான் கோத்த தாளில் இருக்கிறது" என்பார் எங்களில் மூத்தவர், மை படிந்த விரலை உயர்த்தி. நான் அடுத்த பாரத்துக்காகக் காத்திருப்பேன். ராத்திரி படுத்தாலும் அந்தப் பூட்டுதான் கண்ணுக்குள் நிற்கும். எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பிழை திருத்துவது அலுப்பான வேலை என்று சொல்வார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை.

1993-இல் கணினி வந்தது. நல்லதுதான், ஈயத்தூசியிலிருந்து பலருடைய மார்பு தப்பியது. ஆனால் அதன்பிறகு நாவல் முழுசாக, ஒரே கட்டாக, காலையில் மேஜைக்கு வந்து மாலையில் போயாக வேண்டும். வாரத்துக்கு மூன்று. உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. இருபதாம் பக்கத்தில் கொலைகாரன் தெரிந்தான். தெரியாவிட்டாலும் அக்கறை வரவில்லை. எழுத்தாளர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வேலையை விட்ட பிறகு ஒரு துப்பறியும் கதையைக்கூடக் கையால் தொடவில்லை.

2009-இல் கும்பகோணத்தில் என் அத்தையின் வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் பழுப்புக் காலிகோ துணி போட்டுத் தைத்த ஒரு தொகுப்பு. ஒரு வார இதழில் வந்த தொடர்கதையின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்தது. அந்த நாளில் வீட்டுக்கு வீடு இது உண்டு. பின்பக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி சோப்பு விளம்பரம், எங்கோ தொடங்கிய ஒரு சமையல் குறிப்பின் கடைசி நாலு வரி.

கொடைக்கானலில் ஒரு பங்களா. முதலாளி இறந்துகிடக்கிறார். டாக்டர், தம்பி, கணக்கர், சமையல்காரி. முப்பது பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கீழே வைத்திருப்பேன். ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் இதழ் வீட்டுக்கு வந்த தேதியை அத்தை பென்சிலால் குறித்திருந்தார். 12.5.74, 19.5.74 என்று. "தொடரும்" என்ற சொல்லுக்குக் கீழே, கொஞ்சம் சாய்ந்த அவருடைய கையெழுத்தில் ஒரு வரி.

மூன்றாம் வாரம்: "டாக்டர்தான்."

ஏழாம் வாரம்: "டாக்டர் இல்லை. ஊசி இடது கையில் போட்டிருக்கிறது."

பதினைந்தாம் வாரம்: "மழையில் வந்தாரே, கணக்கர் ஏன் குடை எடுத்து வரவில்லை?"

அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அடுக்களையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. அவருக்குள் இப்படி ஒரு மூளை ஒவ்வொரு வாரமும் ஏழு நாள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த வரிகளை ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிட மனம் வரவில்லை. ராத்திரிக்கு ஓர் அத்தியாயம், அதன் கீழே அத்தையின் ஒரு வரி, பிறகு விளக்கை அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஐந்தாறு நாளில், பகலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே கணக்கரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். திருவல்லிக்கேணியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு பூட்டைப் பற்றிப் பேசிய அதே படபடப்பு.

இருபத்தெட்டாம் வாரத்தில் அத்தை எழுதியிருந்தது: "சமையல்காரி பொய் சொல்கிறாள். ஆனால் அவள் கொல்லவில்லை. பாவம்." அதோடு தொகுப்பு முடிந்துவிட்டது. கடைசி மூன்று வாரம் இல்லை. மகள் பிரசவத்துக்காக அத்தை அப்போது சென்னைக்குப் போயிருந்தார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இதழ்களை அங்கே யார் வீட்டிலாவது வாங்கிப் படித்திருப்பார். கிழித்துச் சேர்க்கத்தான் முடிந்திருக்காது.

கதை புத்தகமாக வந்திருந்தது. கிளை நூலகத்தில் சொல்லிவைத்தேன். கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் இருபத்தெட்டு அத்தியாயங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினேன். பென்சிலை எடுத்து, அத்தையின் வரிக்குக் கீழே என் வரியை எழுதினேன்: "தம்பி." புத்தகம் வந்தது. முப்பதாம் அத்தியாயத்தில் துப்பறிபவர் கணக்கரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி குடையைப் பற்றியது. நான் தவறு. அத்தை பதினைந்து வாரம் முன்பே அங்கே போய் நின்றுகொண்டிருந்தார். எழுந்து போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இப்போது உங்கள் விஷயம். போனது ஆசை இல்லை என்று நினைக்கிறேன், நடுவில் இருந்த நாட்கள் போய்விட்டன. நம் துப்பறியும் கதை வாரத் தொடரில் ஊறி வளர்ந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தின் வாலிலும் ஒரு கதவு தட்டப்படும், ஒரு தொலைபேசி மணி அடிக்கும். ஏழு நாள் தாங்குவதற்காகப் போட்ட முடிச்சு அது. மாத நாவல்களும் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. முப்பது முடிச்சுகளை ஒரே உட்காரலில் அவிழ்த்தால் யாருக்கும் சலிக்கும். கல்லூரி நாட்களில் நீங்கள் ஒரே மூச்சில் படித்தீர்கள், உண்மைதான். ஆனால் அப்போது அடுத்த நாவலுக்கு ஒரு மாதம் காத்திருந்தீர்கள். கையில் காசு இருந்திருந்தால் ஐந்தையும் அன்றே வாங்கியிருப்பீர்கள். இந்தச் சலிப்பு இருபது வயதிலேயே வந்திருக்கும்.

ஐந்தில் நாலை அக்காவிடமோ அலுவலகத் தோழியிடமோ கொடுத்துவிடுங்கள். ஒன்று போதும். நாளுக்கு ஓர் அத்தியாயம். மறுநாள் வரை அடுத்த பக்கத்தைத் தொடக்கூடாது. இருபதாம் பக்கத்தில் கொலைகாரன் தெரிகிறதா, நல்லது, பெயரை எழுதாதீர்கள், காரணத்தை எழுதுங்கள். "டாக்டர்தான்" என்று அத்தையும் மூன்றாம் வாரத்திலேயே எழுதினார். "ஊசி இடது கையில்" என்று எழுதிய பிறகுதான் அவர் கதைக்குள் போனார். பல தடவை நம் கணிப்புச் சரியாகவே இருக்கும்; ஆசிரியர் அதை எங்கே எப்படி மறைத்தார் என்பதை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

ஒன்றே ஒன்று. கல்லூரியில் உயிராக இருந்த புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். பலரும் அதைத்தான் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் இருபது வயதில் இருந்த என்னோடு போட்டி போட்டுத் தோற்றதுதான் மிச்சம். நீங்கள் படித்தேயிராத ஒன்றை எடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு மறுபடி துப்பறியும் கதை படிக்கிறேன். "இந்த வயதில் இதுவா? நல்ல இலக்கியம் படிக்கக்கூடாதா?" என்று மகன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: ஐயா, மகனிடம் வயதைச் சொல்லுங்கள், உங்கள் வயதை இல்லை, தமிழில் இந்தக் கதைகளின் வயதை. நூறு ஆண்டுக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் எழுதிக் குவித்துவிட்டார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனையும் வடுவூராரின் திகம்பர சாமியாரையும் நம் தாத்தா பாட்டிகள் வீட்டு மனிதர்களைப்போலப் பேசினார்கள். பிறகு தேநீரும் கையுமாகத் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். 1968-இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' தொடரில் வக்கீல் கணேஷ் வந்தார். வசந்த் சேர்ந்துகொண்டது அதற்கும் பிறகு. தமிழில் உரைநடையைச் சரளமாகப் படிக்கப் பழகிய பல லட்சம் பேருக்குப் பள்ளிக்கூடம் இவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? இலக்கியத்தையும் படியுங்கள். அதற்காக இதை ஒளித்துப் படிக்காதீர்கள்.

கேள்வி: பழைய அறிவியல் கதைகளில் சொன்ன காலமெல்லாம் கடந்துபோய்விட்டது. இனி அவற்றைப் படிப்பதில் என்ன சுவை? (மதுரை வாசகி)

பதில்: இப்போதுதான் சுவை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அதில் வரும் 2021 எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த ஆண்டு கடந்த பிறகு மறுபடி எடுத்தேன். ஜீனோ என்ற இயந்திர நாய் முன்பு எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்த முறை, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலாவைவிட்டு மனம் நகரவில்லை. ஆரூடம் பலித்ததா என்று கணக்குப் பார்க்காமல், எழுதிய காலத்தில் எதற்குப் பயந்தார்கள் என்று பார்த்துப் படியுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் காமிக்ஸ் பைத்தியமாக இருந்தான். ஆறு மாதமாகத் தொடுவதே இல்லை. கட்டாயப்படுத்தலாமா? (விருதுநகர் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. புத்தகங்களை எடைக்குப் போடாமல் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருங்கள், போதும். உங்கள் பக்கத்து ஊர் சிவகாசியையே பாருங்கள். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984-இல் லயன் வந்தது. நடுவில் இதழ்கள் அத்தி பூத்தாற்போல் ஆகி, 2012-இல் புது மெருகோடு மீண்டும் வந்தபோது முதலில் கை நீட்டியவர்களில் நரை தட்டியவர்கள் எத்தனை பேர்! உங்கள் மகனுக்கு ஆறு மாதம் ஒரு கணக்கே இல்லை.

கேள்வி: பாட்டி வீட்டில் இரண்டு மூட்டை நிறையத் தொடர்கதைத் தொகுப்புகள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். துருப்பிடித்த பின்கள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். வெயிலில் காயவைக்காமல், காற்றாட நிழலில் விரித்துத் தூசி தட்டுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் தனி ஒரு மனிதர் இப்படிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம்.

அதற்கு முன் ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு முறை நீங்களே புரட்டிவிடுங்கள். "தொடரும்" என்ற சொல்லுக்குக் கீழே பாட்டி பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.