தம்பி தனியாகக் கதைக்கிறான்: இது மனச்சிதைவா, சண்டையின் தாக்கமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறோம். தம்பிக்கு 23 வயது. அப்பா 2009 இல் காணாமல் போனவர். தம்பி கராஜில் நல்லா வேலை செய்தவன். ஒரு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, தைப்பொங்கலோடு வேலையையும் விட்டுவிட்டான். ஃபோனைத் தண்ணி வாளிக்குள் போட்டுவிட்டான். யன்னலை உரப்பையால் மூடி வைத்திருக்கிறான். இரண்டு ஆம்பிளைகள் எப்போதும் தன்னைப் பற்றியே கதைக்கிறார்களாம். அம்மா சமைத்தால் தொட மாட்டான். தானே அவித்த முட்டையும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. பூசாரி செய்வினை என்று கழிப்புக் கழித்தார். கனடாவில் இருக்கிற சித்தி, இது சண்டையின் தாக்கம், கவுன்சலிங் போதும் என்கிறா. ஊரில் ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிறான் என்று கதை. இது என்ன வருத்தம்? ஸ்கான் எடுத்தால் தெரியுமா? வைத்தியசாலைக்கு வரவே மாட்டேன் என்கிறான். எனக்கும் இது வருமா?

பதில்: நீங்கள் எழுதியதில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த முட்டையும் வாழைப்பழமும். இரண்டுக்கும் தோல் உண்டு; மற்றவர் உள்ளே எதையும் கலக்க முடியாது. அம்மாவோடு கோபித்துக்கொண்டு தம்பி சாப்பிடாமல் விடவில்லை. தன் சாப்பாட்டில் யாரோ எதையோ போடுகிறார்கள் என்று உண்மையாகவே நம்புகிறார், பயப்படுகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு இது முதலில் விளங்கவேண்டும்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்வது சைக்கோசிஸ், அதாவது உளமாய நோய் என்கிற நிலை போலத்தான் இருக்கிறது. காய்ச்சல் எப்படிப் பல காரணத்தால் வருமோ அப்படித்தான் சைக்கோசிஸும். போதைப்பொருள், மூளையைப் பாதிக்கும் உடல் நோய்கள், கடுமையான மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு எல்லாமே அதைக் கொண்டுவரலாம். அந்தக் காரணங்களில் ஒன்று மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரீனியா. ஆண்களுக்குப் பெரும்பாலும் 20 வயதை ஒட்டியும், பெண்களுக்குச் சில வருடம் பிந்தியும் தொடங்கும். உலகில் சுமார் 300 பேருக்கு ஒருவர் இதோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தம்பியின் வயதும், மெதுவாகத் தொடங்கிய விதமும், கேட்கிற குரல்களும் சேர்ந்து அந்தப் பக்கம்தான் யோசிக்க வைக்கின்றன.

ஊர்க் கண்ணில் படுவது தனியாகக் கதைப்பது, சிரிப்பது, சந்தேகப்படுவது. இவை வெளியே தெரிகிற அறிகுறிகள். இவற்றுக்கு முன்பே வந்து, இவை அடங்கிய பிறகும் நிற்கிற இன்னொரு கூட்டம் உண்டு: ஆர்வம் போய்விடும், முகத்தில் உணர்ச்சி குறையும், கேட்டால் ஒரு சொல்லில் பதில், குளிப்பு முழுக்கு இல்லை, கூட்டாளிமார் வந்தால் உள்ளே போய்விடுவார். வீட்டில் இதைச் சோம்பல் என்பார்கள், தடித்தனம் என்பார்கள். திட்டும் விழும். கவனமும் ஞாபகமும் கூடக் குறையும். கராஜில் முதலாளி எடுத்துவரச் சொன்ன சாவியை மறந்து வேறொன்றோடு வந்து நின்றாரா என்று விசாரித்துப் பாருங்கள். வேலையை அவராக விட்டாரா, செய்ய முடியாமல் நின்றாரா என்பது அதில் ஓரளவு தெரியும்.

சித்தி சொல்வதற்கு வருகிறேன், ஏனென்றால் வன்னியில் நோயறிதல் சிக்கலாவது இந்த இடத்தில்தான். சண்டை ஒருவரையும் விடவில்லை. அதனால் எந்த மாற்றத்தையும் முள்ளிவாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியும். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு உள்ளவருக்குத் திருவிழா வெடிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும் போலிருக்கும், செல் (எறிகணை) கூவி வருகிற மாதிரி இருக்கும். அவருக்குத் திரும்ப வருவது நடந்து முடிந்த ஒன்று. சத்தமோ மணமோ ஏதாவது அதைக் கிளப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் நான் இப்ப வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவருக்கே தெரியும். இழப்பிலும் குரல் கேட்பதுண்டு. செத்துப்போன மனுசன் பின்னேரம் படலையடியில் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று சொல்லும் பெண்ணுக்கு நோய் ஏதும் இல்லை. காணாமல் போன பிள்ளைக்குச் சோறு எடுத்து வைக்கிற தாய்க்கும் இல்லை. உடலும் கிடைக்காமல் பதிலும் கிடைக்காமல் இருக்கிற ஒருவர் வேறென்ன செய்வது?

தம்பிக்குக் கேட்கிற குரல்கள் வேறு வகை. முன்பின் தெரியாத இருவர், தங்களுக்குள், அவரைப் பற்றி, இப்போது நடப்பதைக் கதைக்கிறார்கள். ‘எழும்பிட்டான், பார், கிணத்தடிக்குப் போறான்’ என்கிற மாதிரி. செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குரல், தன் நினைப்பை வெளியே ஆட்கள் கேட்கிறார்கள் என்ற எண்ணம், தன் கை கால்களை வேறு யாரோ இயக்குகிறார்கள் என்ற உணர்வு ஆகியவற்றுக்கு வைத்தியர்கள் கூடுதல் கவனம் கொடுப்பார்கள். மனவடு கூடவே இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்றில்லை. ஆனால் இந்த நிலையில் கவுன்சலிங் மட்டும் போதாது, மருந்து தேவைப்படும்.

அடுத்தது, ஃபோனைத் தண்ணிக்குள் போட்டு யன்னலை மூடுவதற்குப் பின்னால் இருக்கக்கூடிய ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்ற பயம். வேறு நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது உடனே மாயநம்பிக்கை என்று எழுதப்படும். இங்கே வைத்தியர் முதலில் கேட்கவேண்டியது, அது உண்மையா என்று. சிவில் உடையில் ஆள் வந்து பெயர் கேட்டுப் போனதைப் பல வீடுகள் கண்டிருக்கின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்தில் இருந்த தாய்மாரும் விசாரிக்கப்பட்டதுண்டு. எனவே நீங்களும் தம்பியிடம் ‘உனக்குப் பைத்தியம்’ என்று வெட்டாமல், எப்போது, யார், எந்த இடத்தில் என்று கேளுங்கள். உண்மையான பயத்துக்கு ஓர் அளவு இருக்கும்: வந்த ஆள், வந்த நாள், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிந்த காரணம். நோயில் அந்த அளவு உடையும். பக்கத்து வளவுச் சேவல் கூவினால் அது தனக்கான சிக்னல். ரேடியோச் செய்தியில் தன் பெயரை மறைமுகமாகச் சொல்கிறார்கள். எதைக் காட்டி விளக்கினாலும் அந்த விளக்கமே சூழ்ச்சியின் ஒரு பகுதி ஆகிவிடும். நம்பிக்கை என்ன என்பதைவிட, அதை அவர் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் வைத்தியர் பார்ப்பார்.

இதே அளவுகோல்தான் சாமிக்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் உரு வந்து ஆடுபவர் ஆடி முடிய, தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வயலுக்கு இறங்குவார். அது நோய் இல்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். அம்மாவுக்கு அது தெம்பு. ஆனால் அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இதில் எதைச் செய்பவரிடமும் பிள்ளையை விடாதீர்கள். சிகிச்சை இல்லாமல் போகிற காலம் நீள நீள, தேறுவது கடினமாகிறது. கழிப்புக்குப் போகிற காசைவிட அந்த மாதங்கள்தான் பெரிய நட்டம்.

ஸ்கான் எடுத்தால் தெரியுமா? தெரியாது. மனச்சிதைவைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இன்றைக்குக் கிடையாது. பரிசோதனை செய்வது மற்றவற்றைத் தள்ளிவைக்க: தைரொயிட், பி12 குறைபாடு, வலிப்பு, மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் மூளை மலேரியாவும் அந்தப் பட்டியலில் முன்னுக்கு நின்றது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சல், கடும் தலையிடி, வலிப்பு, ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருவது, கண்ணுக்கு உருவங்கள் தெரிவது என்றால் மனநலக் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஐஸ் கதையையும் ஊர்வாய் என்று தள்ளிவிட வேண்டாம். ஐஸும் கஞ்சாவும் இதே மாதிரிச் சந்தேகத்தையும் குரல்களையும் கொண்டுவரும். சிறுநீர்ப் பரிசோதனை உதவும், ஆனால் ஐஸ் சில நாளில் உடலை விட்டுப் போய்விடும், எனவே இல்லை என்று வந்தால் பாவிக்கவில்லை என்று ஆகாது. பெரும்பாலும் பாவனை நின்று ஒரு மாதத்துக்குள் இவை அடங்கிவிடும். அடங்காவிட்டால் வைத்தியர் மனச்சிதைவை யோசிப்பார். பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வைத்தியரிடம் மறைக்காதீர்கள்; சரியான மருந்துக்கு அந்தத் தகவல் வேண்டும்.

ஆகவே நோயறிதல் என்பது கேட்பதும் பார்ப்பதும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாட்டின்படி அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம் நீடித்திருக்கவேண்டும். அமெரிக்க வகைப்பாடு மொத்தம் 6 மாதம் கேட்கிறது. முதல் நாளே வைத்தியர் ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதாமல் சைக்கோசிஸ் என்று மட்டும் எழுதினால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டு வேறு ஆளைத் தேடி ஓடவேண்டாம். மருந்தை அதற்காகப் பிந்திப்போடவும் மாட்டார்கள். வைத்தியருக்கு மிகவும் உதவப்போவது நீங்கள் கொண்டுபோகிற ஒரு கொப்பி. எந்த மாதம் எது மாறியது, நித்திரை எத்தனை மணி, என்ன சாப்பிடுகிறார், குரல்கள் ஏதாவது செய்யச் சொல்கின்றனவா, சாகிற கதை கதைத்தாரா, சின்ன வயதில் வலிப்போ தலைக்காயமோ இருந்ததா, செல் துண்டு ஏதும் உடம்பில் இருக்கிறதா, சொந்தத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று எழுதி வையுங்கள். செல் துண்டைச் சொல்ல மறக்கவேண்டாம்: உடம்பில் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அது தெரிந்திருக்கவேண்டும்.

வரமாட்டேன் என்பவரை எப்படிக் கொண்டுபோவது? குரல் பொய் என்று வாதாடாதீர்கள், உண்மை என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘எனக்குக் கேட்கேல்லை, ஆனா உனக்கு அது எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்குது’ என்றால் போதும். அவருக்கே தொந்தரவாக இருக்கிற ஒன்றைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது நித்திரை. ‘நித்திரைக்கு ஒரு மருந்து எடுப்பம்’ என்பது பொய்யும் இல்லை, அவர் மறுக்கவும் கஷ்டம். குளிசையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கவே வேண்டாம். கலக்கிறார்கள் என்று பயந்துதானே முட்டை அவிக்கிறார். கண்டுபிடித்தால் அவர் பயம் உறுதியாகிவிடும், அதன்பிறகு அந்த வீட்டில் தண்ணியும் குடிக்கமாட்டார்.

உங்களுக்குக் கிட்ட மாஞ்சோலையில் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை. கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் உண்டு. காசு கட்டத் தேவையில்லை. முதலில் அம்மாவும் நீங்களும் மட்டும் போய் மனநல வைத்திய அதிகாரியோடு கதைக்கலாம். தேவைப்பட்டால் வீட்டுக்கு ஆள் வர ஒழுங்கு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். தொலைபேசியில் ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப் போகிறார் போலிருந்தால், அல்லது தண்ணியும் குடிக்காமல் கிடந்தால், 1990 க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ நாக்குத் தடித்தாலோ பயந்து நிறுத்திவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. குளிசை மறப்பவர்களுக்கு 2 முதல் 4 கிழமைக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. இவை பழக்கத்துக்கு அடிமையாக்குகிற மருந்துகள் இல்லை. குரல்கள் நின்றதும் சுகம் வந்துவிட்டது என்று சொந்தமாக நிறுத்தினால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. மூன்றில் ஒருவராவது முழுமையாகத் தேறுகிறார்கள். இன்னும் பலர் மருந்தோடு வேலைக்குப் போகிறார்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அளவில். பொதுவாக ஒருவருக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்குக் கிட்ட. கூடத்தான், ஆனால் நூற்றில் 90 பேருக்கு மேல் வருவதில்லை. கல்யாணப் பேச்சை இதற்காக நிறுத்தி வைத்திருந்தால், அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.