மொஸ்பெற் மாற்றிய பிறகும் அடாப்டர் சூடாவதற்கு எஸ்.ஆர். ஐசி போலியாக இருப்பதுதான் காரணமா?

12 வோல்ற், 2 அம்பியர் ஃப்ளைபேக் (மின்மாற்றியில் சக்தியைச் சேமித்துப் பின் வெளியீட்டுக்கு விடும் வகை) அடாப்டரில், வெளியீட்டில் டயோட்டின் வேலையைச் செய்யும் மின்சுவிட்சான மொஸ்பெற் எரிந்துபோக, அதற்குப் பதிலாகத் தடை இன்னும் குறைந்த ஒன்றைப் போட்டும் முன்னையதை விடச் சூடாகிறது, ஆகவே அந்த மொஸ்பெற்றைத் திறந்து மூடும் எஸ்.ஆர். (ஒத்திசைவு நேராக்க) ஐசி போலி என்று எழுதியிருக்கிறீர்கள். புறக்கோட்டையில் திருத்தும் தொழில் செய்பவன் என்பதால் இந்தத் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. இங்குள்ள முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் போலிகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. விளங்காத பழுதையெல்லாம் கடைக்காரன் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

பலகையோடு ஒட்டியிருந்த தட்டையான மொஸ்பெற்றை எடுத்துவிட்டு, நீண்ட கால்களுடைய டி.ஓ.220 வகையைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தை வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த ரவுட்டர் அடாப்டரில், வேறோர் இடத்தில் அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். ஒஸிலஸ்கோப்பில் பார்த்தபோது, மின்னோட்டம் பாதிக்கு மேல் மீதமிருக்கையிலேயே கேற் (மொஸ்பெற்றைத் திறந்து மூடும் முனை) அணைந்து, எஞ்சிய நேரம் முழுவதும் ட்ரெய்னில் (மின்னோட்டம் ஓடும் இரு முனைகளில் ஒன்று, மற்றது சோர்ஸ்) மைனஸ் 0.7 வோல்ற் தெரிந்தது. அதாவது மொஸ்பெற்றின் உள் டயோட்தான் வேலை செய்துகொண்டிருந்தது, சூடும் அதனால்தான்.

ஐசிக்கு மின்னோட்டம் தெரியாது. ட்ரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான சில மில்லிவோல்ற்றை வைத்தே அது முடிவெடுக்கிறது. மைனஸ் 6 மில்லிவோல்ற்றில் அணைக்கும் ஐசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் மைக்ரோசெக்கனுக்கு 1 அம்பியர் வீதம் இறங்கும்போது, கால்களிலும் செப்புத் தடத்திலும் உள்ள 10 நானோஹென்றி தூண்டல் 10 மில்லிவோல்ற்றை எதிர்த்திசையில் சேர்த்துவிடும். ஆகவே தடையின் மேல் 6உம் 10உம் சேர்ந்து 16 மில்லிவோல்ற் இருக்கும்போதே ஐசி அணைத்துவிடும்: 10 மில்லிஓம் மொஸ்பெற் 1.6 அம்பியரில் அணையும். நீங்கள் ஆசையோடு வாங்கிய 3 மில்லிஓம் மொஸ்பெற்றோ 5 அம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். தடை குறையக் குறைய இந்தத் தொல்லை கூடுகிறது.

கேற் வோல்ற்றளவைப் படிப்படியாகக் குறைக்கும் ஐசிகள் இருக்கின்றனவே என்று யாராவது கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் அவையும் அதே வோல்ற்றளவைத்தான் பார்க்கின்றன.

கால்களை ஒட்ட வெட்டி, ஐசியின் ட்ரெய்ன் உணர்கம்பியையும் தரைக்கம்பியையும் மொஸ்பெற்றின் உடலருகே தனித்தனியாக இணையுங்கள். முடிந்தால் பழைய வகை மொஸ்பெற்றையே தேடிப் போடுங்கள். அதற்குப் பிறகும் கேற் முன்கூட்டியே அணைந்தால், ஐசியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.