வைஃபை மீது பழி போடுவதற்கு முன்…

கேள்வி: சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் வைஃபை அறுந்துவிடுகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். அந்த அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், உங்கள் வைஃபையும் 2.4-இல் இருப்பதால் இரண்டும் மோதுகின்றன. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் சற்றுப் பலவீனமானது என்பதால், ரவுட்டரைக் கணினி இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திணறுகிறது. மவுஸ் கெட்டுவிட்டதாகச் சொல்லிக் கடைக்காரர் வேறொன்றை விற்றார், அதுவும் அப்படியே. (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் மீது தவறில்லை. யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. நகத்தளவே உள்ள மவுஸ் ரிசீவர், டிஸ்க்கின் பக்கத்துத் துளையில் இருந்தால் மவுஸின் சிக்னல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இது தெரியாமல் நானும் அடுத்தடுத்து இரண்டு மவுஸ் வாங்கினேன். பழுதில்லாத அவை இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ரிசீவரை ஒரு யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, டிஸ்க்கை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: 6,000 ரூபாய்க்கு டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள) ரவுட்டர் வாங்கியும், என் பழைய லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தெரியவே இல்லை. (வாசகர், கோவை)

பதில்: லேப்டாப்பின் வைஃபை கார்டு 2.4-க்கு மட்டுமானது என்றால் எந்த ரவுட்டராலும் பயனில்லை. பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: ஃபயர்வால் (நெட் வழி ஊடுருவலைத் தடுக்கும் காவல்) உள்ள பாதுகாப்பு மென்பொருளையும் வாங்கினால்தான் விண்டோஸ் போட்டுத் தருவோம் என்றார்கள். வாங்கினேன். அன்றிலிருந்து பிரிண்டர் வேலை செய்வதில்லை, நெட்டும் நின்று நின்று வருகிறது. கடையில் வைஃபை கோளாறு என்கிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வைஃபையா என்பதை நீங்களே சோதிக்கலாம். லேன் கேபிளால் கணினியை ரவுட்டரில் இணையுங்கள். கைபேசியில் நெட் தடையின்றி வரும்போது, கேபிள் வழியாகவும் கணினியில் நின்றுபோனால் குற்றம் மென்பொருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பல ஆண்டுகளாக நான் சொல்லி ஓய்ந்த விஷயம் இது: 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் (பெரிய மேம்படுத்தல் தொகுப்பு) வந்ததிலிருந்து விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. வீட்டுக் கணினிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்க நேர்ந்தால், ஒன்று அனுமதித்ததை மற்றொன்று தடுக்கும். புதிய ஃபயர்வால் உங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பொது இடமாகக் கருதினால் பிரிண்டரும் மறைந்துவிடும். எனவே கடையில் வாங்கிய மென்பொருளை நீக்குங்கள். நீக்கிய பிறகும் அதன் டிரைவர்கள் (உள்ளே இயங்கும் துணை நிரல்கள்) தங்கிவிடக்கூடும் என்பதால், அந்நிறுவனமே தரும் நீக்கல் கருவியையும் ஓட்டுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால், வைஃபை கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டு, நெட்வொர்க் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் ‘நெட்வொர்க் ரீசெட்’ செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் மீண்டும் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று நிர்ப்பந்திப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்பதில்லை. ரசீதுடன் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி: ஃபயர்வாலை அடியோடு நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. இன்றே திரும்ப இயக்கி, தடைபட்ட அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.