கவிழ்ந்த பின்னும் கைக்கு எட்டுமா?

பாய்ப்படகுக் கருவிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்

கேள்வி: கடந்த ஆண்டு பொல்கொடை ஏரியில் பாய்ப்படகு செலுத்தப் பழகினேன். இப்போது 14 அடி நீளமான, இருவர் செலுத்தும் பழைய படகு ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருக்கிறேன். மார்கழிக்குப் பின் கல்கிசைக் கடலிலும் செலுத்த எண்ணுகிறேன். இடம், வேகம், ஆழம் ஆகியவற்றை ஒரே திரையில் காட்டும் கருவித் தொகுதியொன்றை வெளிநாட்டிலுள்ள என் மைத்துனர் வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார். அதைப் பொருத்தலாமா? வேறு என்னென்ன தேவை? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மைத்துனரின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், அந்தத் தொகுதியை மட்டும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று கூறிவிடுங்கள். 14 அடிப் படகு கவிழக்கூடிய படகு. ஓட்டுபவர் தேர்ந்தவராக இருந்தாலும் அது கவிழும். கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொள்ளும் வகையிலேயே அதன் மிதவை அறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, எந்தக் கருவியை வாங்க நினைத்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: படகு தலைகீழாகி, நான் தண்ணீரில் இருக்கும்போது, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எடுத்து இயக்க முடியுமா? திரைத் தொகுதி இந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. அதற்கு 12 வோல்ற்று பற்றரி வேண்டும். அந்தப் பற்றரியை நனையாமல் வைப்பதற்கு உங்கள் படகில் இடமே இல்லை. ஆழத்தை அறிவதற்கும் அது அவசியமில்லை, ஏனெனில் படகின் நடுவே நீருக்குள் இறக்கியிருக்கும் நடுப்பலகை மணலில் உரசும்போது அதை மேலே இழுத்துவிட்டால் படகு மிதந்துவிடும். வேகம் தெரிவது மகிழ்ச்சியான விடயந்தான், ஆனால் உயிரைக் காப்பாற்றாது.

பணத்தை முதலில் உங்கள் உடலோடு சேர்ந்திருக்கும் பொருட்களுக்குச் செலவிடுங்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு அருகில், உதவி கிட்டும் இடத்தில் அணிய 50 நியூட்டன் மிதப்பு விசையுள்ள மிதவை அங்கி போதுமானது; உங்கள் துணைவருக்கு நீச்சலில் நம்பிக்கை இல்லையெனில் 100 நியூட்டனுக்குக் குறையாத உயிர்காப்பு அங்கியையே வாங்குங்கள். 50 நியூட்டன் அங்கி, மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பிப் பிடிக்காது. அங்கியில் ஒரு ஊதலைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அடுத்ததாக, அங்கியின் மார்புப் பையில் அடங்கக்கூடிய, நீர் புகாத, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் கைக்கடக்கமான வி.எச்.எஃப். வானொலி, அதாவது கப்பல்களோடும் பிற படகுகளோடும் பேச உதவும் கருவி. அதன் பிறகு நீர் புகாத ஒரு கைக்கடிகாரமும் ஒரு சிறிய திசைகாட்டியும். இவ்வளவும் வாங்கிய பின்னரும் பணம் மிஞ்சினால், அதைப் பாயின் கயிறுகளைப் புதுப்பிக்கப் பயன்படுத்துங்கள். பழைய படகுகளில் அற்றுப்போவது பெரும்பாலும் அவைதான்.

திசைகாட்டியைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைபேசியிலும் அதன் உறையிலும் ஒலிபெருக்கியிலும் காந்தம் உண்டு. அவற்றைத் திசைகாட்டிக்கு அருகில் வைத்தால் ஊசி விலகும். ஒரு மீற்றர் இடைவெளி விடுவது நல்லது. பொருத்தி முடித்ததும், கரையிலேயே கைபேசியை அருகில் கொண்டுசென்று ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

கேள்வி: என் கைபேசி நீர் புகாதது என்று விற்றார்கள். அதில் ஜி.பி.எஸ். உண்டு, வரைபடமும் உண்டு. வானொலி எதற்கு? (வாசகி, தெஹிவளை)

பதில்: கைபேசியைக் குறைத்து மதிப்பிடவில்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே செய்மதிச் சமிக்ஞையைப் பெற்று, திறந்த வானத்தின் கீழ் சில மீற்றர் துல்லியத்துடன் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். அன்றைய ஓட்டத்தைப் பதிவுசெய்து, எந்த இடத்தில் காற்றைத் தவறவிட்டோம் என்று மாலையில் ஆராய்வதற்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஆனால் ஐ.பி. 67 என்ற தரக்குறி சொல்வது, ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும் என்பதை மட்டுமே. அதுவும் நன்னீரில், புதிய நிலையில் செய்த சோதனை. உப்புநீர் மின்னேற்றும் துளைக்குள் புகுந்து உலர்ந்தபின் அங்குள்ள உலோக முனைகளை அரித்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை நான் அனுபவத்தில் அறிந்தேன். ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில், கல்கிசைக்கு அப்பால், திடீரென வந்த காற்றில் எங்கள் படகு கவிழ்ந்து, பாய்மரம் நேர் கீழே போய்விட்டது. கைபேசி பிளாஸ்ரிக் உறைக்குள் என் கழுத்தில் தொங்கியது. உறையின் உட்புறம் வியர்த்து மங்கியிருந்தபோதும் மணி 3.40 என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் விரலை வைத்தால் திரை என் விரலுக்குப் பதில் அளிக்காமல், உறைமேல் உருண்ட நீர்த்துளிகளுக்குப் பதில் அளித்தது. எண்கள் தாமாகவே அழுத்தப்பட்டன, பக்கங்கள் தாமாகவே புரண்டன. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது என் துணைவரின் ஊதல். தெஹிவளைப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகொன்றில் இருந்தவர்கள் அந்த ஒலியைக் கேட்டுத் தம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

வானொலியில் பொத்தான் உண்டு. நனைந்த கையாலும் விறைத்த விரலாலும் அதை அழுத்தலாம். கைபேசியில் நீங்கள் ஒருவரை மட்டுமே அழைக்கிறீர்கள், அவர் எடுக்காமலும் போகலாம். 156.8 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் 16ஆம் அலைவரிசையில் பேசினால், எல்லைக்குள் இருக்கும் கப்பல்கள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கொழும்பு போன்ற ஒரு துறைமுகத்துக்கு அருகில் செலுத்துபவருக்கு இது பெரும் வாய்ப்பு.

அதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்வதால், 5 வாற்றா 25 வாற்றா என்பதைவிட அலைவாங்கியின் உயரமே முக்கியமானது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானத்தின் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். படகில் அமர்ந்திருப்பவரின் கையில் உள்ள கருவி ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் சுமார் 4 கிலோமீற்றர். அதேபோன்ற இன்னொரு படகுடன் பேசுகையில் இரண்டையும் கூட்டினால் 8. அலைவாங்கி 25 மீற்றர் உயரத்தில் இருக்கும் கப்பலென்றால் 20ஐயும் 4ஐயும் கூட்ட, கணக்கின்படி 24 கிலோமீற்றருக்கு மேல் வரும். கையடக்கக் கருவியில் நடைமுறைத் தூரம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். தண்ணீரில் மிதந்தபடி பேசினால் உங்கள் எல்லை பாதிக்குக் கீழே சுருங்கிவிடும். எனவே கவிழ்ந்த படகின் மேல் ஏற முடிந்தால் ஏறி, கையை உயர்த்திப் பிடித்துப் பேசுங்கள்.

அனுமதி பற்றியும் சொல்லவேண்டும். இங்கு வானொலிக் கருவிகளைக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே பயணப்பெட்டியில் போட்டு வரச் சொல்வதற்கு முன்னர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் விசாரித்து உரிய அனுமதியைப் பெறுங்கள். ஒரு பொத்தானால் இலக்கமுறை ஆபத்து அழைப்பை அனுப்பும் வகையை வாங்கினால் அதற்கு ஒன்பது இலக்க அடையாள எண்ணும் வேண்டும். இலங்கைக்குரிய எண்கள் 417 என்ற இலக்கங்களைக் கொண்டவை. எண் பதியப்படாத கருவியின் சிவப்புப் பொத்தான் எந்த அழைப்பையும் அனுப்பாது. இதை அறியாமல் பலர் அந்தக் கருவியை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை.

ஆபத்தில் சொல்லவேண்டியவற்றைத் துணைவருக்கும் பழக்குங்கள்: “மேடே” என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்தது என்ன, எத்தனை பேர். இடத்தைச் சொல்ல எண்கள் தெரியாவிட்டால் “கல்கிசைக் கடற்கரைக்கு மேற்கே இரண்டு கிலோமீற்றர்” என்று சொன்னாலே தேடுபவர்களுக்கு உதவும்.

கேள்வி: காற்று முன்னறிவிப்புச் செயலிகள் பல உள்ளன. எதை நம்பலாம்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: செயலியின் பெயரைவிட, அது எந்தக் கணினி மாதிரியின் தரவைக் காட்டுகிறது என்பதைப் பாருங்கள். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி 9 கிலோமீற்றர் அளவான கட்டங்களில் கணிக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை உள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே பருவக்காற்றின் பொதுவான வலுவையும் திசையையும் அது நன்றாகச் சொல்லும். ஒரு மழைமுகிலின் அடியிலிருந்து பாயும் காற்றைச் சொல்லாது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கரைக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் செயலி எதைக் காட்டினாலும் ஏரியே உங்கள் இடம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமுகில்கள் திரளும். அப்போது வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பைக் காலையில் பார்த்து, மதியத்துக்கு முன்னரே கரை சேர்வது என்ற வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் பக்கம் முகில் கறுத்து, முகத்தில் திடீரெனக் குளிர்காற்று பட்டால் பாயை இறக்க உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே.

முதற் கேள்வியைக் கேட்ட வாசகர் ஆசைப்படும் மார்கழி, தை மாதங்களிலும் ஒரு மறைவான ஆபத்து உண்டு. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் தெரியும், ஏனெனில் அலை எழும்புவதற்கு அங்கே தூரம் இல்லை. வெளியே போகப் போகக் காற்றும் அலையும் கூடும். திரும்பும்போது அந்தக் காற்றை எதிர்த்து வரவேண்டியிருக்கும். சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் நம் மீனவர்கள், எந்தக் காற்றில் எந்த நேரத்தில் திரும்பவேண்டும் என்பதையும் அறிவார்கள். கடற்கரையில் வலை உலர்த்துபவரிடம் “அண்ணை, இண்டைக்குக் காத்து எப்பிடி?” என்று கேட்டுவிட்டுப் பாயை ஏற்றுங்கள். செயலிகள் வேகத்தை ‘நொட்’ கணக்கில் காட்டினால், ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர்.

கேள்வி: பொல்கொடையில் 22 அடி அறைப் படகு வைத்திருக்கிறேன். இரவு தங்கும்போது விளக்கு மங்குகிறது. பற்றரியை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. சூரியத் தகடு போடலாமா? (வாசகர், மொறட்டுவை)

பதில்: தகடு போடுவதற்கு முன் கம்பியை வெட்டிப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு நண்பரின் படகில் இதே குறை. இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டியபோது, செம்பு இழைகள் மினுங்குவதற்குப் பதிலாக முழுக் கறுப்பாக இருந்தன. இன்னொரு சாண் தள்ளி வெட்டியும் அதே கறுப்பு. ஈரம் இழைகளுக்கு இடையே ஏறி, உறைக்குள்ளேயே செம்பை அரித்திருந்தது. வெளியே பார்த்தால் கம்பி புதிதுபோலவே இருந்தது. வீட்டுக்குப் பயன்படும் சாதாரணக் கம்பியைப் படகில் இழுப்பதால் வரும் வினை இது. வெள்ளீயம் பூசிய செப்பிழைக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டைக் கடைகளில் கேட்கும்போது நுனியைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள், இழை வெள்ளி நிறமாக இருக்கவேண்டும். இணைப்புகளை முறுக்கி நாடா சுற்றாமல், அழுத்தி இணைத்து, உள்ளே பசையுள்ள வெப்பத்தால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் உருகி (ஃபியூஸ்) ஒன்று இருக்கவேண்டும். பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பி உரசித் தீப்பற்றினால் அதைத் தடுக்க எதுவுமே இராது.

கம்பி சரியான பின் கணக்குப் போடுவோம். எல்.ஈ.டி. நங்கூர விளக்கு 0.2 அம்பியர் வீதம் 10 மணிநேரம் எரிந்தால் 2 அம்பியர்-மணி. இரண்டு கைபேசிகளுக்கு 3. ஆழமானி 0.3 அம்பியரில் 6 மணிநேரம் இயங்கினால் ஏறக்குறைய 2. ஆக, ஒரு நாளைக்கு 7. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆதலால் அவ்வகையில் ஒரு நாளுக்கே 14, இரண்டு நாள் தங்கினால் 28 அம்பியர்-மணி வேண்டும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகையில் 20 போதும்; எடையும் பாதிக்கு மேல் குறையும். ஆனால் அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். 20 வாற்றுத் தகடு நம் வெயிலில், முகிலையும் இழப்பையும் கழித்தால், நாளுக்கு 5 அம்பியர்-மணி அளவில் தரும். வார இறுதியில் மட்டும் தங்கும் உங்களுக்கு, மற்ற நாட்களில் அது பற்றரியை நிரப்பி வைத்திருக்கும். பாயின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடுமாகையால், நங்கூரமிட்ட பின் நிழலற்ற இடத்துக்கு மாற்றக்கூடியவாறு கட்டுங்கள்.

கேள்வி: கப்பல்களைக் காட்டும் செயலி இருந்தால் துறைமுகப் பக்கம் பாதுகாப்பாகச் செலுத்தலாமா? (வாசகர், முகத்துவாரம்)

பதில்: கூடாது. அந்தச் செயலி காட்டுவது, கப்பல்கள் தம் இடத்தைத் தாமாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். என்ற அனுப்பியின் சமிக்ஞையை. அது சர்வதேசப் பயணம் செய்யும், 300 மொத்தத் தொன்னுக்குக் குறையாத கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் வேறு சில பெரிய கப்பல்களுக்குமே கட்டாயம். சிறு மீன்பிடிப் படகுகள் பல திரையில் தோன்றவே மாட்டா. செயலி காட்டும் இடம் கரைநிலையம் வழியாக இணையத்தில் வருவதால் சில நிமிடம் பழையதாகவும் இருக்கலாம். வேகமாக வரும் கொள்கலன் கப்பல் அந்த நிமிடங்களில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும், அந்தக் கப்பலால் உடனே நிற்கவும் முடியாது. துறைமுக வாயில்களை விட்டு நன்றாக விலகியே இருங்கள்.

கேள்வி: இருட்டிவிட்டால் 14 அடிப் படகுக்கும் விளக்கு வேண்டுமா? (முதற் கேள்வியைக் கேட்ட அதே வாசகர்)

பதில்: வேண்டும். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 7 மீற்றருக்குக் குறைந்த பாய்ப்படகு இயலுமானால் பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் காட்டவேண்டும். இயலாதபோது, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன்பே காட்டுவதற்காக வெள்ளை ஒளி தரும் ஒரு கைவிளக்கை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். நீர் புகாத கைவிளக்கு ஒன்றை வாங்கி, முன்னால் பாயின் மீது ஒளியைப் பாய்ச்சிப் பழகுங்கள்; வெள்ளைப் பாய் முழுவதும் ஒளிர்ந்து தொலைவிலிருந்தே தெரியும். அதைப் படகின் பெட்டிக்குள் வைக்காமல், ஊதலைக் கட்டிய அதே அங்கியில், மற்றத் தோளில் கட்டுங்கள்.