என்எஃப்எஸ் ஷேரில் பழைய ஃபைலே தெரிகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு லினக்ஸ் மெஷினில் கான்ஃபிக் ஃபைலை மாற்றினேன். அதே என்எஃப்எஸ் ஷேரை (சர்வரில் இருந்து நெட்வொர்க் வழியாகப் பகிரும் டைரக்டரி) மவுண்ட் செய்திருக்கும் இன்னொரு மெஷினில் ஒரு நிமிடம் வரை பழையதுதான் வருகிறது. ஏன்?

பதில்: முதலில் எழுதின பக்கத்தைப் பாருங்கள். எழுதுகிற புரோகிராம் ஃபைலை மூடும் வரை, அல்லது எஃப்சிங்க் (மெமரியில் இருப்பதை உடனே எழுதச் சொல்லும் அழைப்பு) கொடுக்கும் வரை, மாற்றம் அந்த மெஷினின் மெமரியிலேயே நின்றிருக்கலாம். மூடியாகிவிட்டது என்றால், மறுபக்கம் புதிதாகத் திறப்பவருக்குப் புதியதுதான் கிடைக்க வேண்டும், ஏனென்றால் திறக்கும்போதெல்லாம் க்ளையன்ட் (ஷேரை மவுண்ட் செய்திருக்கும் மெஷின்) சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும். உங்கள் புரோகிராம் திறந்த ஃபைலை மூடாமலே வைத்திருந்தாலோ, ஃபைலைத் திறக்காமல் ஸ்டாட் (அளவு, தேதி போன்ற விவரம் கேட்பது) மட்டும் செய்து தேதியைப் பார்த்தாலோ அந்த உறுதி கிடையாது. அப்போது கேஷில் (க்ளையன்ட் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிற விவரம்தான் வரும்: ஃபைலுக்கு 3 முதல் 60 விநாடி, டைரக்டரிக்கு 30 முதல் 60 விநாடி. ரொம்ப நேரம் மாறாத ஃபைலுக்கு அது 60 விநாடியை நெருங்கிவிடும், உங்கள் ஒரு நிமிடம் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: அப்படியென்றால் மவுண்ட் செய்யும்போது நோஏசி ஆப்ஷன் போட்டு கேஷையே நிறுத்திவிடலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது எழுதுவதையும் சிங்க் ஆக்கிவிடும் (ஒவ்வொரு எழுத்தும் சர்வருக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கும்), சின்ன ஃபைல்கள் நிறைய இருக்கிற இடத்தில் எல்லாமே நொண்டும். தேவைப்படும் அந்த ஒரு மவுண்ட்டுக்கு மட்டும் ஆக்டைமியோ=3 (கேஷ் விவரத்தை 3 விநாடி மட்டும் நம்பும் ஆப்ஷன்) போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஃபைல் சர்வரில் இருக்கிறது, என் மெஷின் மட்டும் இல்லை என்கிறது.

பதில்: அது உருவாகும் முன்பே உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு தடவை தேடியிருக்கும். “இல்லை” என்ற பதிலும் கேஷில் நிற்கும். மவுண்ட் ஆப்ஷனில் லுக்கப்கேஷ்=பாசிட்டிவ் கொடுங்கள், “இல்லை” என்ற பதிலை அது கேஷிலிருந்து நம்பாது.

கேள்வி: ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று வருகிறது, எர்ரர் 116. இதுவும் கேஷ்தானா?

பதில்: இல்லை, இதைக் கேஷோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் பிடித்திருந்த ஃபைலோ டைரக்டரியோ சர்வரில் இப்போது இல்லை, வேறொரு மெஷினிலிருந்து யாரோ அழித்திருப்பார்கள். ஷெல் அந்த டைரக்டரிக்குள் நின்றால் வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். மவுண்ட் முழுக்க இப்படி என்றால் சர்வரில் எக்ஸ்போர்ட் (எந்த டைரக்டரியைப் பகிர்வது என்ற அமைப்பு) மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அன்மவுண்ட் செய்து மவுண்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஐநோட்டிஃபை (ஃபைல் மாறினால் தகவல் சொல்லும் லினக்ஸ் வசதி) வைத்து ஷேரில் நடக்கும் மாற்றத்தைக் கவனிக்கிறோம், எதுவுமே வருவதில்லை.

பதில்: வராது. வேறொரு மெஷினில் நடந்த மாற்றத்தை உங்கள் கெர்னல் அறியாது. குறிப்பிட்ட இடைவெளியில் நீங்களே திறந்து பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: புது வெர்ஷன் போடும்போது பாதிப் பழையது, பாதிப் புதியது என்று படிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதுவதுதான் பிரச்சினை. அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதி, மூடி, எம்வி கமாண்டால் பெயரை மாற்றுங்கள். சர்வரில் அது ஒரே அடியில் நடக்கும். ஆனால் பழையதைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு மேலே சொன்ன எர்ரர் 116 வரலாம், அதனால் வெர்ஷனுக்கு ஒரு டைரக்டரி வைத்து, பழையதைச் சில நிமிடங்களாவது அழிக்காமல் விடுவது நல்லது.

கேள்வி: கேஷ்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: சர்வரிலும் க்ளையன்ட்டிலும் அந்த ஃபைலுக்கு எம்டி5சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் என்எஃப்எஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள், அப்ளிகேஷனே பழையதை மெமரியில் வைத்திருக்கிறது. பிஎச்பி என்றால் ஆப்கேஷை (பிஎச்பி தன் ஸ்கிரிப்ட்டுகளை மெமரியில் வைக்கும் கேஷ்) பாருங்கள்.