பிடி கழன்ற அரிவாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இணையத்தில் 'சர்வைவல் கத்தி' என்ற பெயரில், முதுகில் ரம்பப் பல்லும், குழல்போன்ற பிடிக்குள் தீக்குச்சிகளும், பிடியின் மூடியில் திசைகாட்டியும் வைத்த கத்தி ஒன்றை விற்கிறார்கள். கஜா புயலின்போது வாசலில் சாய்ந்த வேப்பமரத்தை வெட்டவும் வழியில்லாமல், மின்சாரமும் இல்லாமல் நாள் கணக்கில் தவித்தோம். மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் உதவும் என்று இதை வாங்கி வைக்கலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: வேண்டாம். பிடி குழலாக இருக்கும் கத்தியில் இரும்பு பிடியின் வாயோடு நின்றுவிடுகிறது. ஓங்கி வெட்டும்போது முழு அதிர்வும் அந்த இணைப்பில்தான் இறங்கும், முதலில் ஒடிவதும் அதுதான். முதுகில் உள்ள அரைச்சாண் ரம்பம் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையைக்கூட முழுதாக அறுக்காது. திசைகாட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும்படி வீடு கட்டிய ஊரில்கூட அதற்கு வேலை இல்லை.

ஒவ்வொரு நிலமும் தனக்கு வேண்டிய கத்தியைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறது. மழையிலும் பனியிலும் ஊறிய விறகைப் பிளந்து உள்ளே இருக்கும் காய்ந்த சிராய்களை எடுத்தால்தான் தீ மூட்ட முடியும் என்ற நிலையில் வாழும் வட ஐரோப்பாவின் குளிர்க்காட்டுக்காரர்கள், நேரான, தடித்த முதுகுடைய சிறு கத்தியை வைத்துக்கொண்டு, அதன் முதுகில் கட்டையால் தட்டி விறகைப் பிளக்கிறார்கள். நேபாளத்தின் குக்ரி என்ற வளைகத்தியும், கொண்டுவிற்கக் கடல் கடந்து போன செட்டிநாட்டார் மலாயாவில் பார்த்திருக்கக்கூடிய பராங் என்ற வெட்டுக்கத்தியும் முன்பாகம் கனத்தவை. கையின் பலத்தைவிட இரும்பின் எடையே அங்கே வெட்டுகிறது. நம் அரிவாளும் அந்த இனந்தான். ஆனால் அதற்கு ஒரு மூக்கு உண்டு. சீமைக்கருவேலம் மண்டிய செம்மண் காட்டில் வெட்டிய கிளையைக் கையால் இழுத்தவருக்குத்தான் அந்த வளைந்த மூக்கின் அருமை தெரியும்: இடக்கையில் கவைக்கம்பால் கிளையைத் தள்ளிப் பிடித்து, அடியில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, அதே அரிவாளின் மூக்கால் கொக்கிபோல் இழுத்துப் போட்டால் முள் மேலே படாது. பனங்கருக்கை நீக்கவும், நுங்கு சீவவும், இளநீர் வெட்டவும், பந்தல் கால் கூராக்கவும் அதுவே போதும்.

ஆகவே ஓர் அரிவாள், நான்கு அங்குல அலகுள்ள ஒரு சிறு கத்தி, விழுந்த மரத்துக்கென ஒரு கோடாரி, ஒரு வில்ரம்பம் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். உங்கள் வேப்பமரத்துக்குக் கத்தி எதுவுமே விடை அன்று. அடிமரத்தை ரம்பமும் கோடாரியுந்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தின்மேல் மின்கம்பி கிடந்தால், மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யும் வரை இவற்றில் எதையும் கையில் எடுக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய அந்தப் புயல் புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மறுநாள், நானும் ஓர் அரிவாளோடு தெருவில் இறங்கினேன். பல கோடைகளாகப் பரணில் கிடந்து காய்ந்த அதன் மரப்பிடி சுருங்கி, பூண் தளர்ந்து, உள்ளே அரக்கு பொடிந்து போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வெட்டில் பிடி மட்டும் கையில் நின்றது. அலகு பறந்துபோய்த் திண்ணைத் தூணில், ஒரு பையன் சாய்ந்து நின்ற இடத்துக்கு இரண்டு சாண் தள்ளி, குத்தி நின்றது. அந்தத் தழும்பு தூணில் இன்றும் இருக்கிறது. இந்த வறண்ட ஊரில் அரிவாளுக்குத் துருவைவிடப் பெரிய பகை பிடி தளர்வது. மாதம் ஒருமுறை பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகைக் கட்டையில் தட்டிப் பாருங்கள்; ஆட்டம் தெரிந்தால் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய் புது அரக்கு வைத்து இறுக்குங்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் பிடி உப்பி இறுகியதுபோலத் தோன்றும். காய்ந்ததும் முன்னிலும் மோசமாகத் தளரும்.

கேள்வி: அரிவாள் வாங்கத் திருப்பாச்சேத்திக்கே போக வேண்டுமா? துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் தொல்லை இல்லையே? (வாசகர், தேவகோட்டை)

பதில்: மதுரைக்கும் மானாமதுரைக்கும் இடையில் இருக்கும் திருப்பாச்சேத்தியின் பெயர் அரிவாளால்தான் பரவியது, போய் வருவதில் நட்டமில்லை. ஆனால் ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட இரும்பைப் பார்த்து வாங்குவதே முறை. பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிகளின் வில்பட்டைகளை வெட்டித்தான் அடிக்கிறார்கள். வண்டியின் பாரத்தில் வளைந்து நிமிரவேண்டிய எஃகு அது; வெட்டின் அதிர்வையும் தாங்கும். செக்கச்செவேலென்று காய்ந்த அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பதால் வெட்டும் வாய் கடினமாகிறது. பிறகு மிதமாகச் சுட்டு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்காவிட்டால் கண்ணாடிபோலச் சில்லு தெறிக்கும். வாங்கும்போது கொல்லரிடமே ஓர் அரத்தைக் கேட்டு வாங்கி, வாயோரத்தில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. வெண்ணெயைப்போலச் சீவினால் அது வெறும் பச்சை இரும்பு.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அடுக்களைச் சிறுகத்திக்கு அது மிக நல்லது. கடையில் கிடைக்கும் மெல்லிய எவர்சில்வர் அலகை அரிவாளாக நினைத்துக் கருவேலத்தில் போட்டால் வாய் மடிந்துவிடும். அரிவாளுக்குப் பட்டை இரும்பே சரி. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவது தொல்லை என்றால், அரிவாள் வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை.

கேள்வி: அம்மா அரிவாள்மனையில்தான் நறுக்குவார். அதில் வாழைப்பூ கறுத்துவிடுகிறது என்று கத்திக்கு மாறச் சொல்கிறேன், கேட்க மறுக்கிறார். (வாசகி, காரைக்குடி)

பதில்: அம்மாவை விட்டுவிடுங்கள். காலால் மனையை அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் காயைப் பிடிக்கும் வசதி எந்தக் கத்தியிலும் இல்லை; மின்சாரம் இல்லாத இரவில் மேசையும் பலகையும் தேடாமல் தரையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு அரிந்துவிடலாம். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால் கறுப்பு கூடுகிறது. நறுக்க நறுக்க நீர்மோரில் போட்டால் குறையும். அதற்கு மட்டும் எவர்சில்வர் கத்தி ஒன்று தனியாக இருக்கட்டும். அரிந்து முடித்ததும் மனையைப் படுக்கவைத்து, அலகு சுவரைப் பார்த்திருக்குமாறு ஒதுக்கிவிட வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அலகை மடக்கிவைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் இரண்டு நாளில் மறுபடியும் மழுங்கிவிடுகிறதே? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: வாங்கியதும் வாயோரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால், சக்கரத்தின் சூட்டில் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை காய்ந்து பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பொறி பறப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அலகை அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுப்பவரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டிலேயே தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில் தீட்டுவது இன்னும் மேல். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகைச் சாய்வு கிடைக்கும். அடுக்களைக் கத்திக்கு அது போதும். அரிவாளுக்கு அதைவிடச் சற்று நிமிர்த்தித் தீட்டுங்கள். மெலிந்த வாய் கருவேலத்தில் நிற்காது. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். கூர் பார்க்கத் தாள் போதும், கட்டைவிரல் வேண்டாம்.

கேள்வி: புது அரிவாளைப் பேருந்தில் எடுத்துவந்தால் போலீஸ் பிடிக்குமா? (வாசகர், திருமயம்)

பதில்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கொடிய கருவிகளை ஆயுதமாகக் கருதுகின்றன, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. கதிர் அரிவாளையும் விறகு வெட்டும் அரிவாளையும் பற்றி அஞ்ச வேண்டாம். வீச்சரிவாள் என்று அழகுக்காக நீட்டி அடித்ததை வாங்கிவிட்டு, விறகு வெட்டத்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாய்க்குச் சைக்கிள் டியூப் மாட்டி, சாக்கில் சுற்றிக் கட்டி, விலைச்சீட்டையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகுவதோ கையில் வெறுமனே பிடித்து நடப்பதோ கூடாது.

கேள்வி: தோட்டத்தில் கண்ணாடி விரியன் நடமாட்டம் இருக்கிறது. எப்படிப்பட்ட அரிவாள் வைத்துக்கொள்ளலாம்? (வாசகர், கொத்தமங்கலம்)

பதில்: எதுவும் வேண்டாம். அரிவாள் எட்டும் தூரத்துக்கு நீங்கள் போனால், விரியனுக்கும் உங்கள் கால் எட்டும் தூரந்தான் அது. அரிவாளைக் கொண்டு வரப்போரப் புதரை வெட்டித் துப்புரவாக்குங்கள். இரவில் டார்ச் விளக்கும் கணுக்காலை மூடும் செருப்பும் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் அந்த இடத்தைக் கீறுவதற்கு எந்தக் கத்தியையும் எடுக்கவே கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.